ஒரு நூல், பல பெயர்கள்

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர் நாலு குடும்பம் ஓரிடத்தில் சேர்ந்தால் முதலில் ஒரு சங்கம் அமைப்பர். சங்கம் அமைந்ததும் அதில் ஒரு நூல்நிலையம் வைப்பர். ஊருக்குத் திரும்புவோர் விட்டுச் சென்ற நூல்களும், விடுமுறைக்குச் சென்றவர் வாங்கி வந்த நூல்களுமாக அலமாரிகள் நிறையும். அந்நூல்களுக்குக் கணினியில் பட்டியல் எழுதச் சங்கத்தார் பலர் இப்பொழுது முற்படுகின்றனர். அவ்வாறு முற்பட்டு நாங்கள் செய்த பிழை ஒன்றையும், அதைத் திருத்திக்கொண்ட முறையையும் இன்று கூற விரும்புகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதிய அம்மையார் ஒருவர் எங்கள் நூல்நிலையத்துக்கு வந்தார். காலஞ்சென்ற தம் கணவர் வங்கமொழியிலிருந்து தமிழில் பெயர்த்த நாவல் ஒன்று இங்கே இருக்குமா என்று கேட்டார். அவரிடமிருந்த ஒரே பிரதி, வீடு மாறியபொழுது தொலைந்துவிட்டதாம். அவர் கணவரின் பெயரைக் கணினியில் இட்டுத் தேடினோம். ஒன்றும் இல்லை என்று விடை வந்தது. அம்மையார் நன்றி கூறிச் சென்றுவிட்டார். மூன்று மாதம் கழித்து அலமாரியைத் துடைக்கும்பொழுது அந்த நாவல் எங்கள் கையில் அகப்பட்டது. அது பட்டியலில் ஏறாமல் இல்லை. மூல ஆசிரியர் பெயரில் ஏறியிருந்தது. நாங்கள் அமைத்த படிவத்தில் 'ஆசிரியர்' என்று ஒரே ஒரு கட்டந்தான் இருந்தது. மொழிபெயர்த்தவர் பெயரை எழுத அதில் இடமில்லை.

இப்பிழையைத் திருத்த யாருக்கும் முதலில் தோன்றும் வழி, 'ஆசிரியர் 2', 'ஆசிரியர் 3' என்று கட்டங்களைக் கூட்டுவதே. நாங்களும் அதையே எண்ணினோம். ஆனால் எத்தனை கட்டங்கள் போதும்? நாவலுக்கு இரண்டு போதும். குறுந்தொகையில் பாடிய புலவர்களோ இருநூற்றுக்கு மேற்பட்டோர். மேலும், ஒருவர் பெயரைத் தேடும்பொழுது ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே துழாவ வேண்டும். எல்லாப் பெயர்களையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளியிட்டு எழுதிவிட்டால் என்ன என்றார் நண்பர் ஒருவர். அதிலும் இடர் உண்டு. ஒருவர் முதலெழுத்துகளுக்கிடையே புள்ளி வைப்பார்; மற்றொருவர் இடைவெளி விடுவார். தமிழுக்கென்றே வேறொரு தொல்லையும் இருக்கிறது. 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியைக் கணினியில் ஒரே குறியாகவும் இடலாம்; கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் ஆக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால், இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் கணினி அவற்றை வேறு வேறு என்றே கொள்ளும்.

சரியான வழி எது? எட்கர் காட் என்னும் அறிஞர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றியபொழுது 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்திகளை அட்டவணைகளாகப் பகுத்து, அவற்றிடையே உள்ள உறவுகளையும் அட்டவணையாகவே எழுதலாம் என்பது அதன் அடிப்படை. 1992-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸும், விலையின்றிக் கிடைக்கும் லிபர்ஆஃபீஸ் பேஸும் இந்த அடிப்படையில் இயங்குவனவே.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் எழுதிய 'செம்மீன்', 'தோட்டியின் மகன்' ஆகிய இரண்டு நாவல்களையும் தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. அவரே 1966-இல் 'ஒரு புளியமரத்தின் கதை' என்னும் சொந்த நாவலையும் வெளியிட்டார். நூல்கள் மூன்று, ஆட்கள் இருவர். ஒரு நூலுக்கு இருவர் உரியவர். ஒருவருக்கு மூன்று நூல்கள் உரியன. இதனையே பலவற்றுக்குப் பல என்னும் உறவு என்கின்றனர்.

இங்கே 'மொழிபெயர்ப்பாளர்' என்னும் சொல்லை எங்கே எழுதுவது? நூலின் வரியில் எழுதினால் ஆசிரியருக்கும் அது பொருந்திவிடும். சுந்தர ராமசாமியின் வரியில் எழுதினால் அவர் சொந்தமாக எழுதிய நாவலும் மொழிபெயர்ப்பாகிவிடும். அச்சொல் நூலுக்கும் உரியதன்று, ஆளுக்கும் உரியதன்று, அவ்விரண்டுக்கும் இடையே உள்ள உறவுக்கு உரியது. ஆகவே உறவுக்கென்றே மூன்றாவது அட்டவணை ஒன்று வேண்டும். அதற்குப் 'பங்களிப்பு' என்று பெயரிட்டோம். அதன் ஒவ்வொரு வரியிலும் நூலின் எண், ஆளின் எண், அவர் ஆற்றிய பங்கு ஆகிய மூன்றும் இருக்கும். மேற்சொன்ன மூன்று நூல்களுக்கு அதில் ஐந்து வரிகள் அமையும். மூன்றும் சேர்ந்த சேர்க்கை இருமுறை வரலாகாது என்று விதித்துவிட்டால் ஒரே செய்தி இரட்டிக்காது. நூலெண்ணும் ஆளெண்ணும் மட்டும் போதா. தம் நூலுக்குத் தாமே பதிப்பாசிரியராய் இருப்பவரும் உண்டன்றோ?

இனிப் படிவத்துக்கு வருவோம். எங்கள் சங்கத்தில் பட்டியல் எழுதுபவர்கள் ஓய்வுபெற்ற பெரியவர்களும் கல்லூரி மாணவர்களுமே. எண்கள் மட்டும் நிறைந்த மூன்றாவது அட்டவணையை அவர்கள் முன் வைத்தல் ஆகாது. ஆகவே நூலைப் பற்றிய படிவத்தை மேலே அமைத்து, அதனுள் பங்களிப்பு அட்டவணையைத் துணைப் படிவமாகப் பதித்தோம். இரண்டையும் இணைப்பது நூலெண். மேலே 'செம்மீன்' தோன்றும்பொழுது கீழே அதற்குரிய இரண்டு வரிகள் மட்டும் தோன்றும். புதிய வரி எழுதினால் நூலெண் தானே வந்து அமரும். மேலே நூலின் பெயரை எழுதாமல் கீழே தொடங்குவோரும் இருப்பர். நூலெண் இல்லாத வரியை ஏற்கலாகாது என்று அட்டவணையிலேயே விதித்துவிட்டால் அத்தகைய அநாதை வரிகள் சேரமாட்டா.

ஆளின் பெயரைத் தட்டச்சுச் செய்யவிடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்ய வேண்டும். பட்டியல் காட்டுவது பெயர்; அட்டவணையில் பதிவது எண். ஆக்சஸில் எண் இருக்கும் பத்தியின் அகலத்தைச் சுழியமாக்கினால் பெயர் மட்டும் தெரியும். பேஸில் எழுதவும் தேரவும் இடந்தரும் கூட்டுப் பெட்டி, எழுத்தையே பதித்துவிடும். அங்கே பட்டியல் பெட்டியையே கொள்ளல் வேண்டும்.

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் ஒன்றையும் சொல்லவேண்டும். பெயர் தெரியவேண்டும் என்பதற்காகத் துணைப் படிவத்தில் ஆட்கள் அட்டவணையின் பெயர்க் கட்டத்தையே கொண்டுவந்து வைத்தோம். மாணவர் ஒருவர் ஒரு நூலின் மொழிபெயர்ப்பாளரை மாற்ற எண்ணி, பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதினார். அவர் மாற்றியது அந்நூலின் வரியை அன்று. அந்த ஆளின் பெயரையே. அவருடைய நூல்கள் அனைத்தும் ஒரே நொடியில் வேறொருவருடையவாயின. அன்றுமுதல் அக்கட்டம் அங்கே இல்லை.

பட்டியலில் இல்லாத புதியவர் வந்தால், ஆளுக்குரிய தனிப் படிவம் திறக்கும். அங்கே ஒருமுறை பெயரைச் செவ்வையாக எழுதிவிட்டால், பிறகு எல்லாரும் தேர்ந்தெடுக்கலாம். நூலை நீக்கினால் அதன் பங்களிப்பு வரிகளும் நீங்கலாம். ஆனால் வரி உள்ள ஆளை நீக்க முயன்றால் கணினி மறுக்கவேண்டும். அம்மறுப்பு தொல்லையன்று, காவல்.

இறுதியாக, இதே படிவத்தை மறுபுறமும் அமைத்தோம். மேலே ஆள், கீழே அவருடைய நூல்கள். இதற்குப் புதிய அட்டவணை வேண்டுவதில்லை. அதே பங்களிப்பு அட்டவணையை மறுமுனையிலிருந்து பார்க்கிறோம், அவ்வளவே. இருபுறமும் படிவம் இருந்தாலன்றி வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது. எழுதுபவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறார். தேடி வருபவரோ பெரும்பாலும் ஒரு பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்.

பட்டியல் முழுவதையும் புதிதாக எழுதி முடித்தபின் அந்த அம்மையாருக்குத் தொலைபேசியில் சொன்னோம். மறு ஞாயிறே வந்தார். அவர் கணவரின் பெயரைத் தேர்ந்தோம். கீழே இரண்டு வரிகள் வந்தன. ஒன்று, அவர் தேடிய நாவல். மற்றொன்று, வேறொருவருடைய கட்டுரைத் தொகுதிக்கு அவர் எழுதிய முன்னுரை. அப்படி ஒன்று உண்டென்பதை அம்மையார் அதுவரை அறியார். இரண்டு நூல்களையும் பெற்றுக்கொண்டு, அங்கேயே சன்னலோரம் அமர்ந்து முன்னுரையை முதலில் படித்தார்.