மங்கிய கண்ணும் இணையப் பக்கமும்

(எமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற ஆண்டு விடுமுறையில் நாம் தோட்டத்துக்கு வந்திருந்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கவ்வாத்து வெட்டி ஓய்ந்த தாத்தா ஒருவர் தமது கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினார். அவருக்கு வரவேண்டிய பணத்தின் விபரம் ஓர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் இருந்தது. சீனி வருத்தத்தினால் ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண்ணில் பாதிதான் தெரியும். பக்கமோ வெள்ளையின்மேல் சாம்பல் நிற எழுத்து. விரலால் விரித்துப் பெரிதாக்கப் பார்த்தார், அசையவில்லை. பக்கத்தை அமைத்தவர் அந்த வசதியைப் பூட்டி வைத்திருந்தார்!

"நீயே படிச்சுச் சொல்லப்பா. ஆனா மெதுவா சொல்லு, பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்" என்றார்.

அந்த "மெதுவா" என்ற சொல்லே இன்று எம்மை இம்மேடைக்கு அழைத்து வந்தது. தம் பணக் கணக்கைத் தாமே இரகசியமாகப் படித்துக்கொள்ள ஒருவருக்கு வழி இல்லையெனில், அது கண்ணின் குற்றம் மட்டுமா?

முழுதும் பார்வையற்றோருக்கு நம் நாட்டில் வழி காட்டியோர் உண்டு. மேரி சாப்மன் அம்மையார் 1912இல் நிறுவிய பாடசாலை இரத்மலானையில் இன்றும் நடைபெறுகிறது. ஆனால் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் வாழ்வோரை நாம் எண்ணுவதேயில்லை. கண்ணாடி அணிந்தும் தெளியாத பார்வை அவர்களுடையது. கண்புரை, கண்ணழுத்த நோய், சீனி வருத்தம் ஆகியவை இதற்குப் பெருங் காரணங்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கு வெள்ளெழுத்தைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை.

இப்பொழுது ஒரு சிறு சோதனை. கையிலிருக்கும் நிகழ்ச்சி நிரலைக் குழலாகச் சுருட்டி, ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் குழலூடே இம்மேடையைப் பாருங்கள். எமது முகம் தெரிந்தால் தலைவர் தெரியார். தலைவர் தெரிந்தால் குத்துவிளக்கு தெரியாது. எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் படிப்பவர் இணையப் பக்கத்தைக் காண்பதும் இவ்வாறே. "பெயர்" என்ற சொல் இடது ஓரத்திலும், பெயர் எழுதும் கட்டம் வலது ஓரத்திலும் இருந்தால், ஒன்றைக் கண்டு மற்றதைத் தேடும்போது முன்னையது மறைந்துவிடும். ஆகவே சேர்ந்தவை சேர்ந்தே இருக்கவேண்டும். கட்டத்தின் தலைமேலேயே அதன் பெயர் இருக்கவேண்டும். வரிகளும் திரையின் அகலத்துக்கேற்பத் தாமே மடங்கி வரவேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமுமாக இழுத்துப் படிக்க எவருக்குப் பொறுமை இருக்கும்?

இவற்றுக்கெல்லாம் விதிகள் உண்டு. வேர்ல்ட் வைட் வெப் கொன்சோர்ட்டியம் என்னும் உலக அமைப்பு 1999 முதல் அவற்றை வகுத்து வருகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5க்கு 1 ஆவது வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வெள்ளையின்மேல் கருமை 21க்கு 1. இக்கணக்கு பார்வை மங்கியவர்க்கு மட்டுமன்று. உச்சி வெயிலில் கொழுந்து மலையில் நின்று தொலைபேசியைப் பார்க்கும் பெண்ணுக்கும் உதவும்.

ஆயினும் தமிழுக்கு நாம் இன்னும் சற்று எண்ணவேண்டும். நம் எழுத்தில் மேலே புள்ளி, கீழே உகரக் கால், பக்கத்தில் கொம்பு. "விடு"வுக்கும் "வீடு"வுக்கும் வேறுபாடு ஒரு சிறு சுழி மாத்திரமே. வீடு கேட்டு விண்ணப்பிப்பவருக்கு அது "விடு" என்று தெரிந்தால் என்ன செய்வார்! ஆங்கிலத்துக்குப் போதுமான பருமன் தமிழுக்குப் போதாது. வரிக்கும் வரிக்கும் இடைவெளி கூடுதலாக வேண்டும். இல்லையேல் மேல்வரியின் காலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். இதனினும் பெரிய தொல்லை, அறிவித்தலைப் படம் பிடித்துப் படமாகவே இணையத்தில் இடுவது. பெரிதாக்கினால் எழுத்து கலங்குகிறது, வரி மடங்குவதில்லை, நிறத்தையும் மாற்ற இயலாது. பாமினி எழுத்துருவில் பழைய முறைப்படி இட்டவையும் உள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கலே. வாசித்துக் காட்டும் கருவிக்கும் விளங்காது. யுனிகோட் முறையில் இட்டால் இத்தொல்லை இல்லை.

சட்டம் இல்லையா என்பீர்கள். வலது குறைந்தோர் உரிமைகளுக்காக 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தும் உள்ளது. பிறரைச் சொல்லுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். நமது சங்கத்தின் சென்ற தீபாவளி அறிவித்தல், காவி நிறத்தின்மேல் சிவப்பு எழுத்து. கணக்கிட்டுப் பார்த்தோம், 2க்கு 1 கூட வரவில்லை! அதுவும் படமாகவே அனுப்பப்பட்டது. அமைத்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்த அறிவித்தலைக் கறுப்பு எழுத்தில், எழுத்தாகவே அனுப்பலாம் என்றபோது, "விளக்குப் படம் இல்லாமல் களையில்லையே" என்றார் நண்பர் ஒருவர். விளக்கு இருக்கட்டும், மேலே இருக்கட்டும். எழுத்துக்கு அடியில் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.