ஆங்கில விவிலியம்: பழைய பெயர்ப்பா, புதிய பெயர்ப்பா?

ஆங்கில விவிலியம் ஒன்றை வாங்க விரும்பிப் புத்தகக் கடைக்குச் செல்பவர் இன்று திகைப்படைய நேர்கிறது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பெயர்ப்பு இன்றும் அச்சாகி விற்பனையாகிறது. அதனருகே 1952, 1978, 1989, 2001 ஆகிய ஆண்டுகளில் வெளியான பெயர்ப்புகளும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. நூல் ஒன்றே; மொழியும் ஒன்றே; ஆயினும் நடை வேறு, சொல் வேறு, சில இடங்களில் பொருளும் வேறு. இவற்றுள் எதனைத் தேர்வது?

நேயர்களே, இவ்வினா நம் நாட்டிலும் பலருக்கு எழுவதேயாகும். வழிபாட்டுக்காக அந்நூலை நாடும் கிறித்தவ அன்பர் உளர். ஆங்கில இலக்கியம் பயிலும் கல்லூரி மாணவர் உளர். அறிவு நாட்டத்தால் அதனைப் படிக்க விழையும் பிற சமயத்தாரும் உளர். சமயக் கோட்பாடு பற்றித் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. அரசு அலுவலில் நாள்தோறும் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டுள்ள நாம், மொழிபெயர்ப்பாளர் கண்கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

முதலில், பழைய பெயர்ப்பு என்பது எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிதல் வேண்டும். 1604ஆம் ஆண்டு சனவரியில் ஹாம்ப்டன் அரண்மனையில் கூடிய மாநாட்டில் புதியதொரு பெயர்ப்புக்கு வித்திடப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது அறிஞர்கள் ஆறு குழுக்களாகப் பிரிந்து, வெஸ்ட்மின்ஸ்டர், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இடங்களில் அமர்ந்து பணியாற்றினர். அவர்கள் வெற்றுத் தாளில் எழுதத் தொடங்கினாரல்லர். முன்னோர் செய்த பெயர்ப்புகளைத் திருத்திச் செம்மை செய்வதே தம் கடன் எனக் கொண்டனர். அம்முன்னோருள் தலையாயவர் வில்லியம் டிண்டேல். கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1526இல் ஜெர்மானிய நாட்டில் அது அச்சேறியது. 1536இல் பிரசெல்ஸ் நகருக்கு அருகில் அவர் கழுத்து நெரிக்கப்பட்டு, உடல் எரியூட்டப்பட்டது. அவர்தம் சொற்களும் தொடர்களும் 1611ஆம் ஆண்டுப் பெயர்ப்பில் பெருமளவில் வாழ்கின்றன.

இப்பெயர்ப்பின் முதற் சிறப்பு அதன் ஓசை. திருச்சபைகளில் படிக்கப்படுவதற்கென்றே இது அமைந்தது என்பதை அதன் முகப்புப் பக்கமே கூறும். குழுவில் ஒருவர் பெயர்ப்பை உரக்கப் படிக்க, ஏனையோர் வெவ்வேறு மொழி விவிலியங்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுத் திருத்தினர் என்று ஜான் செல்டன் என்னும் அறிஞர் குறித்துள்ளார். செவிக்காகச் செய்யப்பட்ட நூல் ஆதலின் அது நினைவில் நின்றது. மக்கள் பேச்சிலும் கலந்தது. ஆபிரகாம் லிங்கனின் சொற்பொழிவுகளையும் ஹெர்மன் மெல்வில்லின் புதினங்களையும் நுணுகிக் கற்க விரும்பும் மாணவருக்கு இந்நூற் பயிற்சி இன்றியமையாதது. இலக்கியம் கருதிப் படிப்போர் இதனை விட்டு வேறொன்றைத் தேட வேண்டுவதில்லை.

ஆனால், பொருள் கருதிப் படிப்போர் விழிப்பாக இருத்தல் வேண்டும். அருஞ்சொல் ஒன்று வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். அதனால் தீங்கு இல்லை. தீங்கு செய்வது, நாம் அறிந்த சொல்லாகத் தோன்றி, அறியாத பொருளைத் தாங்கி நிற்கும் சொல்லே. நம் பழந்தமிழில் 'நாற்றம்' என்பது நறுமணத்தைக் குறித்தது. இன்றைய வழக்கை மட்டும் அறிந்தவர் பழம்பாடலில் அச்சொல்லைக் கண்டால் என்ன நினைப்பார்? ஆங்கிலத்திலும் அவ்வாறே நிகழ்ந்துள்ளது.

தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அடக்க வழிபாடுகளில் படிக்கப்படும் பகுதி அது. இறந்தவர்கள் பின்தங்கிவிடுவார்களோ என்று கலங்குவோர்க்கு, உயிரோடிருப்போர் அவர்களை முந்திச் செல்லமாட்டார் என்று ஆறுதல் கூறுகிறது. 'முந்துதல்' என்னும் கருத்துக்கு 1611ஆம் ஆண்டினர் ஆண்ட சொல் 'பிரிவென்ட்' என்பது. இலத்தீன் வழியில் அன்று அதற்கு 'முன்னே செல்லுதல்' என்ற பொருள் உண்டு. இன்றோ 'தடுத்தல்' என்பதே பொருள். துயருற்று அமர்ந்திருப்பவர் செவியில் 'தடுக்கமாட்டார்' என்று விழுகிறதே அன்றி, 'முந்தமாட்டார்' என்று விழுவதில்லை. சொல் ஒலித்தது, ஆறுதல் சென்று சேரவில்லை. அவ்வாறே 'லெட்' என்னும் சொல் இன்று 'விடு' என்று பொருள்படும். அதே நிருபத்தை அடுத்த திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அது 'தடு' என்னும் நேர்மாறான பொருளில் வருகிறது.

கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரம் அன்பைப் போற்றுவது. அங்குள்ள கிரேக்கச் சொல்லை 1611ஆம் ஆண்டினர் 'சாரிட்டி' என்று பெயர்த்தனர். இன்று அச்சொல் ஏழைகளுக்கு அளிக்கும் கொடையையே பெரும்பாலும் குறிக்கிறது. 1881ஆம் ஆண்டுத் திருத்தப் பெயர்ப்பாளர் அதை நீக்கி 'லவ்' என்று எழுதினர். இது புதுமை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் 1526இல் டிண்டேல் எழுதியதும் 'லவ்' என்பதேயாம். புதியது எனப்படுவது சில இடங்களில் பழையதினும் பழையது.

அடுத்து, மூலத்தைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். 1611ஆம் ஆண்டினர்க்குக் கிட்டிய கிரேக்க மூலம், 1516இல் எராஸ்மஸ் பதிப்பித்த நூலின் வழிவந்தது. அவர் கையாண்ட கையெழுத்துப் படிகள் மிகச் சிலவே. அவையும் காலத்தால் பிற்பட்டவை. புதிய ஏற்பாட்டின் இறுதி நூலுக்கு அவரிடமிருந்த ஒரே படியில் கடைசி ஏடு இல்லாமையால், அவ்வடிகளை இலத்தீனிலிருந்து கிரேக்கத்துக்கு அவரே பெயர்த்து நிரப்பினார். பின்னர், சினாய் மலையடி மடத்தில் இருந்த நான்காம் நூற்றாண்டுப் படி 19ஆம் நூற்றாண்டில் அறிஞர் கைக்கு எட்டியது. 1947இல் சாக்கடல் அருகே குகையிலிருந்து கிடைத்த ஏசாயா சுருள், அதுவரை தெரிந்திருந்த எபிரேயப் படிகளினும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. இவற்றையெல்லாம் ஒப்பிட்டே புதிய பெயர்ப்புகள் எழுந்தன. யோவானின் முதல் திருமுகம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனத்தில் பழைய பெயர்ப்பிலுள்ள ஒரு பகுதி புதியவற்றில் இல்லை. அதைக் கண்டு, வேண்டுமென்றே வெட்டிவிட்டனர் என்று ஐயுறுவோர் உண்டு. பழமையான கிரேக்கப் படிகளில் அப்பகுதி இல்லை என்பதே காரணம்.

அப்படியாயின் புதியதே எல்லாவகையிலும் மேம்பட்டதா? அன்று. பழைய பெயர்ப்பில் ஒருவரை விளிக்கும் சொல் வேறு, பலரை விளிக்கும் சொல் வேறு. 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் பகுத்து வழங்கும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். லூக்கா நற்செய்தியின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் இயேசு பேதுருவை நோக்கிப் பேசுகிறார். சோதனை வரப்போவது சீடர் அனைவருக்கும். தாம் வேண்டுதல் செய்ததோ பேதுரு ஒருவனுக்காக. மூலத்திலுள்ள இவ்வேறுபாடு 1611இல் தெளிவாக நிற்கிறது. இக்கால ஆங்கிலத்திலோ இரண்டிடத்தும் 'யூ' என்னும் ஒரே சொல்தான். பிற்காலப் பதிப்புகள் சில 'அனைவரையும்' என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்தே இக்குறையை ஈடுசெய்தன.

மற்றொரு நேர்மையும் பழைய பெயர்ப்புக்கு உண்டு. மூலத்தில் இல்லாது, ஆங்கில வாக்கியம் முடிவதற்காகத் தாம் சேர்த்த சொற்களை அவர்கள் வேறு எழுத்தில் அச்சிட்டுக் காட்டினர். ஆசிரியன் சொல் எது, பெயர்ப்பாளன் சொல் எது என்பதைப் படிப்பவன் அறியும்படி செய்தல் சிறந்த அறமன்றோ?

புதிய பெயர்ப்புகளுள் சில சொல்லுக்குச் சொல் நெருங்கிச் செல்வன. சில கருத்தை மட்டும் எடுத்து எளிய நடையில் உரைப்பன. எளிமைக்கும் விலை உண்டு. பவுலின் திருமுகங்களில் 'சதை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் பலமுறை வருகிறது. 1978ஆம் ஆண்டின் புதிய பன்னாட்டுப் பெயர்ப்பு அதனைப் பல இடங்களில் 'பாவ இயல்பு' என்று விளக்கி எழுதியது. தெளிவுதான், ஆனால் படிப்பவன் எண்ணிப் பார்க்க வேண்டியதைப் பெயர்ப்பாளரே எண்ணி முடித்துவிட்டார். 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் பெரும்பாலான இடங்களில் மீண்டும் 'சதை' என்னும் சொல்லுக்கே திரும்பினர்.

இனி, தேர்வுக்கு வருவோம். இலக்கியத்துக்கும் உரக்கப் படித்து இன்புறுதற்கும் ஜேம்ஸ் மன்னர் பெயர்ப்பைக் கொள்க. பொருள் மாறிய சொற்களின் பட்டியல் சேர்ந்த பதிப்பாயின் நன்று. மூலத்தை நெருங்கிக் கற்க விழைவோர் 1952ஆம் ஆண்டுப் பெயர்ப்பையோ, அதன் வழிவந்த 1989, 2001ஆம் ஆண்டுப் பெயர்ப்புகளையோ அடிக்குறிப்புகளுடன் கொள்க. ஆங்கிலப் பயிற்சி குறைந்தோர்க்கும் இளைஞர்க்கும் 1976இல் முழுமையாக வெளிவந்த நற்செய்திப் பெயர்ப்பு உதவும். பழைய மூலத்தையே விரும்பி, மொழி மட்டும் புதிதாக வேண்டுவோர்க்கு 1982ஆம் ஆண்டின் புதிய ஜேம்ஸ் மன்னர் பெயர்ப்பு உண்டு. கத்தோலிக்க அன்பர்கள் தம் திருச்சபை ஏற்கும் கூடுதல் நூல்கள் அதில் உள்ளனவா என்று பார்த்து வாங்குதல் வேண்டும்.

வாங்குமுன், நாம் மேலே கூறிய அதிகாரங்களைக் கடையிலேயே திறந்து படித்துப் பார்க்கலாம். சில நிமிடங்களில் பெயர்ப்பின் தன்மை புலப்பட்டுவிடும். வசதியுள்ளோர் பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாக இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்வது சாலச் சிறந்தது. இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் மூலம் எத்துணை ஆழமுடையது என்பது தெரியவரும். ஆனால் துயருற்றார் முன்னிலையில் படிக்க நேரும்போது மட்டும், படிப்பவர் தமக்குப் பழகிய ஓசையை எண்ணாது, கேட்பவருக்குப் பொருள் சென்று சேரும் பெயர்ப்பையே கையில் எடுப்பாராக.