காதுக்கு ஏற்ற கருவி

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிரேயே பஸ் நிலையம். நாகர்கோவில் பஸ்ஸுக்காக நிற்பவர்கள் பலர் காதில் வயரில்லாத ஹெட்போன்.

பஸ் கிளம்பியதும் கவனியுங்கள். இன்ஜின் உறுமல் பாட்டை அமுக்கும். கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். கேடு அங்கேதான் தொடங்குகிறது. 80 டெசிபல் ஒலியை வாரம் 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே பயணத்துக்கு, இரைச்சலைக் குறைக்கும் வசதியுள்ளதை வாங்குங்கள். உள்ளேயிருக்கும் சிறு மைக் வெளி இரைச்சலைப் பிடிக்கும். கருவி அதற்கு நேர் எதிரான அலையை எழுப்பி இரண்டையும் அடித்துவிடும். 1978-இல் விமானத்தில் போகும்போது இந்த யோசனை பொறியாளர் அமர் போஸுக்குத் தோன்றியது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகன் அவர். இந்த வசதியால் இன்ஜின் உறுமல் நன்றாக அடங்கும். பக்கத்து இருக்கைப் பேச்சு அவ்வளவு அடங்காது.

வீட்டில் டிவி பார்க்க வேறு கணக்கு. சாதாரண ப்ளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும். உதடு மூடிய பிறகு வசனம் கேட்டால் எந்தப் படத்தை ரசிப்பது? டிவியோடு சிறு பெட்டியை இணைத்து, ரேடியோ அலையில் ஒலி அனுப்பும் வகையே இதற்கு நல்லது. தாத்தா பாட்டிக்குக் காது மந்தமென்றால் வீடே அதிராமல் அவர்கள் மட்டும் கேட்கலாம்.

கடையில் டிவியோடு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். உதட்டசைவைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.