ஒரு மௌத் ஆர்கன் பாட்டின் சரித்திரம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு சிறு பாட்டைப் பற்றிய விஷயமாகும். பாட்டு என்று சொன்னோமே ஒழிய அதில் சாகித்தியம் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. மூன்று நிமிஷத்திற்குள் முடிந்துபோகும் வெறும் வாத்திய இசை. வாத்தியமோ வீணையல்ல, பிடிலல்ல. திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறோமே, அந்த மௌத் ஆர்கன்தான். பாட்டின் பெயர் "ஜூக்". வாசித்தவர் அமெரிக்காவில் லூசியானா மாகாணத்தில் 1930-ல் பிறந்த லிட்டில் வால்ட்டர் என்னும் கறுப்பர். நாம் சங்கீதம் கற்றவர்கள் அல்ல. ஆதலால் ராக விசாரணைக்குப் போகாமல் இரண்டே கேள்விகளைக் கேட்கிறோம். இந்தத் திறமை எங்கிருந்து வந்தது? இந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுவோம். புளூஸ் என்னும் இந்தச் சங்கீதம் அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக் காட்டுக் கூலிகளிடம் பிறந்தது. இதைப் "பிசாசின் சங்கீதம்" என்று மாதாகோவில்காரர்கள் தூற்றினார்கள். நன்றாக வாசிப்பவன் நடுநிசியில் நாற்சந்தியில் பிசாசைக் கண்டு வரம் வாங்கினான் என்றும் கதை கட்டினார்கள். பிசாசுக்கு அவ்வளவு தயாள குணம் இருந்திருந்தால், அந்தக் கூலிக்காரனுக்கு முதலில் கூலியையல்லவா கூட்டிக் கொடுத்திருக்க வேண்டும்?

உண்மை என்னவென்றால், ஜெர்மனியில் டிரோசிங்கன் என்ற ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்னும் கடிகாரத் தொழிலாளி 1857-ல் மௌத் ஆர்கன் செய்ய ஆரம்பித்தார். மலிவான சாமானாகையால் அது கப்பலேறி அமெரிக்கக் கூலிக்காரர் சட்டைப்பை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அதில் பத்துத் துவாரங்கள். ஊதும்போது ஒலிக்கப் பத்துப் பித்தளை நாக்கு, மூச்சை இழுக்கும்போது ஒலிக்கப் பத்து நாக்கு. தங்கள் நாட்டு நடனப் பாட்டுக்கு ஏற்றபடி ஊதுகிற பக்கத்தை ஜெர்மானியர் பிரதானமாக வைத்தார்கள். கறுப்பர்களோ இழுக்கிற பக்கத்தைப் பிரதானமாக்கினார்கள். இழுக்கும்போது நாக்கையும் தொண்டையையும் ஒருவிதமாக அமைத்தால் ஸ்வரம் கீழே வளைந்து, மனிதன் விம்முவது போல் ஒலிக்கும். செய்தவன் வைக்காத ஸ்வரங்களை வாசித்தவன் கண்டுபிடித்தான். "ஜூக்" பாட்டும் இந்த முறைதான். "ஏ" சுருதி வாத்தியத்தில் "இ" சுருதியில் வாசிக்கப்பட்டது.

அன்றியும், 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பர்கள் தென்பகுதியின் கொடுமைக்கும் வறுமைக்கும் தப்பி மற்றப் பகுதிகளுக்குக் குடியேறினார்கள். வால்ட்டரும் சிறு பிராயத்திலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி, சிகாகோ நகரில் மாக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்தார். சந்தை இரைச்சலிலும், மின்சார கிட்டார் முழங்கும் சாராயக் கடையிலும் மௌத் ஆர்கன் சத்தம் எடுபடுமா? ஆகையால் மலிவான ஒரு மைக்கை வாத்தியத்தோடு சேர்த்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ஒலிபெருக்கி வழியாக வாசித்தார். சாக்ஸபோன் வித்வான் லூயி ஜோர்டனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அதே சங்கதிகளை மௌத் ஆர்கனில் கொண்டு வந்தார். பிசாசு எங்கே இருக்கிறது தோழர்களே? பித்தளை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, விடாமுயற்சி இருக்கிறது.

மட்டி வாட்டர்ஸ் என்பவரின் கோஷ்டியில் வால்ட்டர் இருந்தபோது, கச்சேரியைத் துவக்கவும் முடிக்கவும் அவர்கள் வாசித்துவந்த மெட்டுத்தான் இது. 1952-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி செஸ் கம்பெனியார் இதைப் பதிவு செய்து, "செக்கர்" என்ற தங்கள் மற்றொரு முத்திரையில் வெளியிட்டார்கள். வால்ட்டருக்கு அப்போது வயது 22. கறுப்பர் இசைத்தட்டுகளுக்கென்று "பில்போர்டு" பத்திரிகை தனியாக ஒரு ஜாபிதா போட்டுவந்தது. 1949 வரை அதற்கு "இன இசைத்தட்டுகள்" என்றே பெயர். பந்தியில் தனி இலை போடுவது போலத்தான். பிறகு பெயர் மாறிற்று. தனி இலை மாறவில்லை. அந்த ஜாபிதாவில் "ஜூக்" எட்டு வாரம் முதல் ஸ்தானத்தில் நின்றது. வார்த்தையில்லாத மௌத் ஆர்கன் இசை வேறொன்றும் அந்த ஸ்தானத்திற்கு வந்ததில்லை.

நிற்க, இரண்டாவது கேள்விக்கு வருவோம். பாட்டை இயற்றியவர் என்று காகிதத்தில் இருப்பது வால்ட்டரின் பெயர். ஆனால் ஸ்நூக்கி பிரியர் என்ற மற்றொரு மௌத் ஆர்கன்காரர் 1948-லேயே வெளியிட்ட ஒரு இசைத்தட்டின் ஆரம்பமும் "ஜூக்"கின் ஆரம்பமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மெட்டு தம்முடையது என்று பிரியர் பின்னாளில் சொல்லியும் வந்தார். இதற்காக வால்ட்டரைத் திருடன் என்பதா? கூடாது. ஆரம்பத்திற்குப் பிறகு வளர்ந்து செல்லும் இசை வால்ட்டரின் உழைப்பு. அப்படியானால் பிரியரை மறந்துவிடலாமா? அதுவும் கூடாது. தெருவிலும் சந்தையிலும் பலர் வாயில் வளர்ந்த பொருளுக்குக் காகிதத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது. காகிதம் சொல்லுவதே முழு உண்மை என்று நம்புவதும் ஒரு மூட நம்பிக்கைதான்.

வெற்றி பெற்ற வால்ட்டர் தனிக் கோஷ்டி அமைத்துப் புகழ் பெற்றார். குடியும் சண்டையும் அவரைக் கெடுத்தன என்பதை நாம் மறைக்கவில்லை. 1968-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி, ஒரு கைகலப்பில் அடிபட்ட பின் 37-வது வயதில் மாண்டார். 1991 வரையில் அவர் புதைகுழிக்கு ஒரு பெயர்க்கல்கூட இல்லை. 2008-ல், அதாவது இறந்து 40 வருஷம் கழித்து, ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். செத்தவனுக்கு மண்டபம் கட்டுவது எல்லா நாட்டாருக்கும் சுலபமாகவே இருக்கிறது!

ஆகவே தோழர்களே, ஒருவன் திறமையைக் கண்டு "தெய்வ கடாட்சம்" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இவன் யாரிடம் கற்றான்? இவனுக்கு முன் இதைச் செய்தவர்கள் யார்? உயிரோடிருக்கையில் இவனுக்கு என்ன கொடுத்தீர்கள்? கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுப் பிள்ளை மௌத் ஆர்கனை வைத்துக்கொண்டு காது வலிக்க ஊதினால் பிடுங்கி எறியாதீர்கள். "மூச்சை உள்ளே இழுத்தும் பார்" என்று சொல்லுங்கள். இவ்வளவுடன் முடித்துக்கொள்ளுகிறோம்.