அறுவைப் பிரசவமும் குழந்தையின் மூச்சும்



அறுவைச் சிகிச்சையின் வழி குழந்தை பிறந்த சில மணி நேரத்தில், "மூச்சு வேகமாக இருக்கிறது, தனிப் பிரிவில் வைத்திருக்கிறோம்" என்று தாதி வந்து கூறினால், குடும்பத்தார் கலங்குவது இயல்பே. கத்தி பட்டதால் வந்த கேடு என்று சிலரும், தாய் வலி தாங்காததால் வந்த குறை என்று சிலரும் பேசக் கேட்டிருக்கிறோம். இரண்டும் உண்மையல்ல.

கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் ஒருவகை நீரால் நிறைந்திருக்கும். பிரசவ வலி தொடங்கியதும் குழந்தையின் உடலில் சுரக்கும் சில இயக்குநீர்கள் அந்நீரை உறிஞ்சிக்கொள்ளுமாறு நுரையீரலைத் தூண்டுகின்றன. வலி காணுமுன்னரே அறுவை நடந்தால், நீரில் ஒரு பகுதி தங்கிவிடக்கூடும். அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரியும் அவருடன் உழைத்தோரும் 1966இல் இந்நிலையைத் தனியே விவரித்து எழுதினர்.

இத்தகைய குழந்தை நிமிடத்திற்கு 60 முறைக்கு மேல் மூச்சுவிடும், முனகும், மூக்கு விரியும். பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் சீராகிவிடும். ஆயினும் கிருமித் தொற்றும் இவ்வாறே தோன்றக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்கிறார்கள். விரைந்து மூச்சுவிடும் குழந்தைக்குப் பால் புரையேறலாம்; ஆகவே குழாய் வழியாகவோ நரம்பு வழியாகவோ உணவு செலுத்துகிறார்கள். பிள்ளையைப் பட்டினி போடுகிறார்கள் என்று சினம் கொள்ள வேண்டாம். தாய் பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவரலாம்.

நாள் நட்சத்திரம் பார்த்து அறுவைக்குத் தேதி கேட்போர் நம்மிடையே உண்டு. இங்கேதான் நாம் சற்றுக் கண்டிப்பாகப் பேச வேண்டியுள்ளது. அவசரக் காரணமில்லாத அறுவையை 39 வாரம் நிறைவதற்கு முன் வைத்தால் மூச்சுத் தொல்லை மிகுதியாக நேர்கிறது. பிறக்கும் நேரம் நல்லதாயிருந்து, நுரையீரல் ஆயத்தமாகாதிருந்தால் என்ன பயன்? ஆனால் இரத்தப்போக்கு, தாயின் இரத்த அழுத்தம் போன்ற காரணங்களால் மருத்துவரே முன்கூட்டி அறுவை வேண்டுமென்றால், தயங்குதல் ஆகாது.

வீடு திரும்பிய பின் கவனம் இன்னும் தேவை. குழந்தை அமைதியாயிருக்கையில் வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேலிருந்தால் மீண்டும் ஒருமுறை எண்ணுங்கள். அப்போதும் குறையாவிடில் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், ஓயாத முனகல், பால் குடிக்காமை, உதடோ நாக்கோ நீலம் பூத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. கணவர் பால்வெட்டு முடிந்து வரட்டும் என்றோ, பொழுது விடியட்டும் என்றோ காத்திராமல் 999ஐ அழையுங்கள். குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பச்சிளம் நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது.

மருத்துவமனைக்குப் புறப்படும்போது குழந்தையின் பதிவுப் புத்தகத்தை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். பிறந்தபோது மூச்சு எவ்வாறு இருந்தது என்பதை மருத்துவர் முதலில் கேட்பார்.