கடலுக்கப்பால் ஒரு கிளை
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு விவாகத்தின் பொருட்டுப் பினாங்கு நகரத்துக்குச் சென்று வந்த எம்மை, அங்கே கண்டவற்றைச் சொல்லுமாறு நமது காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். யாம் எழுத்தாளர் அல்லோம். உலகம் சுற்றியவரும் அல்லோம். கடல் கடந்தது இதுவே முதல் தடவை. ஆயினும் சபையோர் கட்டளையைத் தட்டுதல் முறையன்று. அன்றியும், இச்சங்கத்தாரிடம் யாம் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றமொன்று இப்பிரயாணத்தால் வெளிப்பட்டது. ஆகவே பேச முன்வந்தோம்.

எம் பாட்டனாருக்கு ஒரு தம்பி இருந்தார். அவர் 1937-ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தில் ரஜூலா என்னும் கப்பலேறிப் பினாங்குக்குச் சென்றார். 1926 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் நாட்டவர் பலரை மலாய் நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு சேர்த்த கப்பல் அது. சிறிய பாட்டனார் அங்கே ஒரு கடையில் கணக்கெழுதிப் பிழைத்து, இல்லறம் நடத்தி, அங்கேயே காலமானார். நமது சங்கம் வெளியிட்டுள்ள குடும்ப ஏட்டில் அவர் பெயருக்கெதிரே ‘கடல் கடந்து சென்றார்’ என்னும் மூன்று சொற்களே உள. அதன்கீழ் வெற்றிடம்.

சென்ற ஆண்டு அந்த வெற்றிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய கொள்ளுப்பேத்தி, தன் பாட்டியாரின் தகரப்பெட்டியில் கிடந்த பழைய உறையொன்றில் ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் கண்டு, எமது வீட்டுக்கு எழுதியிருந்தாள். ‘எனக்குக் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. கொள்ளுத்தாத்தா பிறந்த வீட்டிலிருந்து ஒருவராவது வந்தால் பாட்டி சந்தோஷப்படுவார்’ என்பதே செய்தி. எழுத்துக்கள் குழந்தை எழுதியவை போல் கோணியிருந்தன, கருத்தில் கோணலில்லை.

வீட்டுப் பெரியோர் கூடி ஆலோசித்தார்கள். யார் எவர் என்று அறியாத வீட்டுக்கு இத்தனை பொருட்செலவில் போவதா என்றார் ஒருவர். வாழ்த்துக் கடிதம் போதும் என்றார் மற்றொருவர். யாமும் வாளாவிருந்தோம். எழுபது வயது கடந்த எமது அக்காள்தாம், “பெண் வாய்திறந்து அழைத்த பிறகு போகாதிருப்பது நம் வீட்டு வழக்கமன்று, நான் புறப்பட்டாயிற்று” என்றார்கள். அதன்பின் பேச்சேது? அக்காள், எமது இல்லாள், யாம் ஆக மூவர், ஒரு பட்டுப்புடவையும் மஞ்சள் குங்குமமும் நமது குடும்ப ஏட்டின் பிரதியொன்றும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

சிறிய பாட்டனார் நாட்கணக்கில் கடந்த கடலை, திருச்சிராப்பள்ளியிலிருந்து கோலாலம்பூர் வரையில் ஆகாய விமானம் நான்கு மணி நேரத்துக்குள் கடந்துவிட்டது. அங்கிருந்து தரைவழியாக வடக்கே சென்று, 1985-இல் திறக்கப்பட்ட பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளப் பாலத்தின்மேல் கடலைத் தாண்டித் தீவை அடைந்தோம்.

விவாக தினத்தன்று ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. அந்நாட்டுக் கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணி முந்தியது. கைக்கடிகாரத்தை மாற்றி வைக்க மறந்த யாம், ஆறு மணிதானே, முகூர்த்தம் ஒன்பதுக்கல்லவா என்று விடுதியில் சாவகாசமாக இருந்தோம். மணப்பெண்ணின் தம்பி வந்து கதவை இடித்தபோது, அவ்வூர்க் கணக்கில் எட்டரை. புடவைத் தட்டும் கையுமாக ஓடிச் சேர்ந்தபோது மாப்பிள்ளை மணையில் அமர்ந்துவிட்டார்.

அங்கே நாதஸ்வரமும் தவிலும் முழங்கின. வாசித்தவர்கள் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள். வாழையிலை போட்டுச் சாம்பாரும் பாயசமும் பரிமாறினார்கள். சீனர்களாகிய அயல்வீட்டார் சிவப்புக் காகித உறையில் பணமிட்டு மணமக்கள் கையில் அளித்தார்கள். அதற்கு ‘ஆங் பாவ்’ என்று பெயராம். “நம் மொய்தான், எழுதி வாசிப்பதில்லை, அவ்வளவே” என்றாள் எமது இல்லாள். மணப்பெண்ணின் பாட்டியார், எமக்குச் சிற்றன்னை முறையானவர், அக்காளின் கையைப் பிடித்தவர் விவாகம் முடியும்வரை விடவில்லை.

மறுநாள் முதல் மூன்று தினங்கள் பெண்ணின் தம்பி எமக்கு ஊரைக் காட்டினான். தமிழ் நன்றாய்ப் பேசுவான், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் 1786-இல் இறங்கி நிறுவிய குடியேற்றமே ஜார்ஜ் டவுன். அதன் பழைய தெருக்களுக்காக யுனெஸ்கோ நிறுவனம் 2008-இல் மலாக்காவுடன் சேர்த்து அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அத்தெருக்களில் ஒன்றின் சிறப்பைச் சொல்லாதிருத்தல் இயலாது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர் வழிபடும் கருணைத் தேவியின் கோயில், புனித ஜார்ஜ் தேவாலயம் மூன்றும் அத்தெருவை ஒட்டியே நிற்கின்றன. அடுத்த குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் உளது. பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் மொய்தீன் பெயரோடு இணைந்தது. 1818-இல் கட்டப்பெற்ற தேவாலயமோ, இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்தது. அதன் வெண்ணிறத் தூண்களின் கீழ் நின்றபோது, கல் சுமந்தவர் பெயரை யார் அறிவார் என்று எண்ணினோம். அவ்வெண்ணம் எம்மையே திரும்பக் குத்தப்போகிறதென்பதை அப்பொழுது அறியோம்.

மத்தியானத்தில் ‘நாசி கண்டார்’ என்னும் கடையொன்றைப் பையன் காட்டினான். நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் காவுதடி. முற்காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவுதடியின் இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்கு விற்றனர். அக்காவுதடியின் பெயரே இன்று பெருங்கடைகளின் பலகையிலும் நிற்கிறது.

கடற்கரையில் மரக்கால் நட்டு, நீரின்மேலே வீடுகட்டி வாழும் சீனர் குடியிருப்புகளையும் கண்டோம். துறைகளுள் பெரும்பாலானவை ஒவ்வொரு குடிப்பெயரால் வழங்குவன. பின்னர் கூ கோங்சிக்குச் சென்றோம். கோங்சி என்பது நம் சங்கம் போன்றது. சீனத்தின் ஹொக்கியன் நாட்டில் ஒரு கிராமத்திலிருந்து வந்த கூ குடியினர் 1835-இல் அதனைத் தொடங்கினர். 1901-இல் அவர்கள் மண்டபம் தீக்கிரையாயிற்று. 1906-இல் மீண்டும் கட்டி முடித்தனர். தூண்களிலும் கூரையிலும் உள்ள சிற்ப வேலையை வருணிக்க எமக்குத் திறமில்லை. எம் மனத்தைக் கவர்ந்தவை சுவரிலிருந்த பலகைகளே. அக்குடியில் பிறந்து உயர்கல்வி பெற்றோரின் பெயர்களை அவற்றில் பொறித்து வைத்திருக்கின்றனர். மூதாதையரின் பெயர்ப் பலகைகளும் தனியே உள.

பையன் அவற்றை வெகுநேரம் பார்த்துவிட்டு, “பெரியப்பா, நம் புத்தகத்தில் எங்கள் பெயர் எங்கே?” என்று கேட்டான்.

அன்றிரவு சிற்றன்னையார் வீட்டில் ஏட்டை விரித்தோம். மூன்று சொற்களையும் அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். “அவ்வளவுதானா?” என்றான். புதுமணப்பெண் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, “இதில் பெண்களே இல்லையே, பெரியப்பா?” என்றாள். அக்காள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தம் பெயரைத் தேடினார்கள். எமது பெயர் இருந்தது. எமது தம்பியர் பெயர் இருந்தது. எம்மை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காளின் பெயர் இல்லை. அவர்கள் ஒன்றும் சொல்லாமல் ஏட்டை மூடி வைத்தார்கள். சபையோரே, அந்த ஏட்டைக் கடைசியாகத் திருத்தியவர்களுள் யாமும் ஒருவர்.

இஃதொன்றோ! சிற்றன்னையார் மெல்லச் சொன்னார்: “மாமனார் ஊருக்கு மூன்று கடிதம் போட்டார், பதில் வரவில்லை. நாலாவதை எழுதி, ஒட்டாமலே வைத்துவிட்டார்.” அந்த நாலாவதின் உறையைத்தான் அவர் பேத்தி கண்டெடுத்தாள். பதில் ஏன் வரவில்லை என்பதை யாம் அறிவோம். அப்பொழுது எம் வீட்டில் நிலங்களைப் பாகம் பிரித்த சமயம். பதிலெழுதினால் அவர் தம் பங்கைக் கேட்பாரோ என்று அஞ்சினர். உறையைப் பிரித்து வாசித்தோம். நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாயாரின் திதி எந்நாளில் வருகிறதென்று கேட்டிருந்தார்.

அந்தத் திதியைச் சிற்றன்னையாருக்குச் சொல்லி, எம் குடும்பத்தார் சார்பில் மன்னிப்பும் கேட்டோம். அவர் அழவில்லை, “வந்துவிட்டீர்களே, போதும்” என்றார். அக்காள்தாம் அழுதார்கள்.

பெரியோர்களே! கிளையைக் கடல் வெட்டவில்லை. எழுதாமல் நிறுத்திய கைதான் வெட்டிற்று. ஆகையால் இச்சபைக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறோம். முதலாவது, கடல் கடந்து சென்றோரின் சந்ததியாரை விசாரித்து ஏட்டில் சேர்த்தல். இரண்டாவது, இனிவரும் பதிப்பில் மகளிர் பெயரையும், அவர் பிறந்த வீட்டின் கீழும் புகுந்த வீட்டின் கீழும் எழுதுதல். மூன்றாவது, ஒவ்வொரு வீட்டாரும் தம் பெட்டிகளில் பதிலின்றிக் கிடக்கும் கடிதங்களைத் தேடிப் பதிலெழுதுதல். காலம் கடந்துவிட்டதென எண்ணற்க. ஆண்டுகள் பல கழித்துச் சென்ற எமக்கும் அங்கே இலை போட்டார்கள்.

புதிய பதிப்பின் அச்சுச் செலவில் ஒரு பங்கை ஏற்கச் சித்தமாயிருக்கிறோம். எமது குடும்பப் பக்கத்தைத் திருத்தி எழுதிக் காரியதரிசி அவர்களிடம் இன்றே ஒப்படைக்கிறோம். அதில் முதற்பெயர் எமது அக்காளுடையது.