ஓர் ஈக்கு இரண்டு பெயர்

(பெண்கள் சேமநலக் குழுக் கூட்டத்தில் தோட்டச் சேமநல அலுவலர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் கீழ்ப்பிரிவு அம்மா ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்துல நிக்கிற கொய்யா மரத்துல பழம் வெளியில நல்லாத்தான் இருக்கு. பிச்சுப் பாத்தா உள்ளுக்கு முழுக்கப் புழு. புள்ளைகளுக்குக் குடுக்க முடியல. கண்ணூறு பட்ட மரம், வெட்டிருவமா ஐயா?" என்றார். அன்று எங்களுக்குச் சரியான பதில் தெரியவில்லை. மரத்தை வெட்ட வேண்டாம், விசாரித்துச் சொல்கிறோம் என்றோம். விசாரித்ததை இன்று சொல்கிறோம்.

அது கண்ணூறு இல்லை. அது ஓர் ஈயின் வேலை. பழ ஈ என்பார்கள். வாழைப்பழம் கனிந்தால் சுற்றிச் சுற்றிப் பறக்குமே, கடுகு மாதிரிச் சின்னப் பூச்சி, அது இல்லை. இது வீட்டு ஈ அளவு இருக்கும். பார்த்தால் குளவிக் குஞ்சு மாதிரித் தெரியும். முதுகில் இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு, வயிற்றின் மேல் ஆங்கில 'டி' எழுத்து மாதிரிக் கறுப்பு அடையாளம், கண்ணாடி போன்ற சிறகின் முன் ஓரத்தில் கறுத்த கோடு. இந்த மூன்றையும் பாருங்கள்.

பெண் ஈயின் வால் நுனியில் ஊசி போன்ற குழாய் உண்டு. காய் முற்றிக் கனியத் தொடங்கும்போது அதைத் தோலில் குத்தி உள்ளே முட்டை வைக்கும். ஒரு ஈ தன் வாழ்நாளில் ஆயிரம் முட்டைக்கு மேலும் இடக்கூடியது. முட்டை பொரித்துப் புழு சதையைத் தின்னும். பழம் கீழே விழும். புழு மண்ணுக்குள் போய்க் கூடாகி, திரும்பவும் ஈயாக மேலே வரும். சூடான இடத்தில் இதெல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். குளிர் கூடிய மேல் மலைகளில் இந்த ஈ குறைவு. கீழ்ப்பிரிவில் கூடுதலாக இருப்பது அதனால்தான்.

இந்த ஈக்கு ஒரு கதை இருக்கிறது. எங்கள் நாடும் அதில் வருகிறது.

2003ஆம் ஆண்டு, ஆபிரிக்காவில் கென்யா நாட்டில், பூச்சி ஆராய்கிறவர்களின் பொறியில் அதுவரை அங்கே காணாத ஒரு பழ ஈ விழுந்தது. கொஞ்ச வருஷத்திலேயே அது தான்சானியா, நைஜீரியா, பெனின் என்று நாடு நாடாகப் பரவியது. மாம்பழம் விற்றுப் பிழைக்கும் சிறிய விவசாயிகள் கலங்கிப் போனார்கள். இது என்ன ஈ, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஈயைப் பிடித்தவுடனே பெயர் வைத்துவிட முடியாது. முதலில் அதை ஊசியில் குத்திக் காயவைத்து, எந்த ஊரில், எந்தத் திகதியில், யார் பிடித்தது என்று சின்னத் துண்டில் எழுதிக் கூடவே குத்துவார்கள். பிறகு பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, சிறகின் நீளம், முதுகின் நிறம், காலின் நிறம் எல்லாவற்றையும் அளந்து எழுதுவார்கள். ஏற்கெனவே பெயருள்ள ஈக்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். எதனோடும் ஒத்துவராவிட்டால்தான் புதுசு என்று சொல்லி, விபரத்தை அச்சில் போடுவார்கள். ஓர் ஈயை அடையாளச் சின்னமாக ஒதுக்கிப் பத்திரமாக வைப்பார்கள். நாளைக்குச் சந்தேகம் வந்தால் அதை எடுத்துப் பார்க்கலாம்.

அப்படி ஒப்பிட்டபோதுதான் இலங்கை வந்தது. 1990களில் சுருட்டா என்ற யப்பான் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும் இலங்கையின் பழ ஈக்களைச் சேர்த்து ஆராய்ந்திருந்தார்கள். ஆபிரிக்க ஈ, இங்கே பிடித்த ஈயோடு ஒத்துப்போனது. 2005இல் ட்ரூ, சுருட்டா, வைட் என்ற மூவர் சேர்ந்து இது புதிய இனம் என்று எழுதி, பக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். படையெடுத்து வருவது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இருந்துதான் அது ஆபிரிக்காவுக்குப் போயிருக்க வேண்டும் என்று அப்போது எண்ணினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. பக்ட்ரோசெரா டோர்சாலிஸ் என்று ஏற்கெனவே ஒரு ஈ உண்டு. தைவானில் பிடித்த ஈயைப் பார்த்து ஹெண்டல் என்பவர் 1912இல் பெயர் வைத்தது. அதற்கு முதுகு பெரும்பாலும் கறுப்பு. புது ஈக்குச் செம்பழுப்பில் இருந்து கறுப்பு வரை பல நிறம். முக்கியமான வித்தியாசம் அதுதான். நிறம் மட்டும் போதுமா என்று சிலருக்குச் சந்தேகம் வந்தது. பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்தார்கள். இரண்டையும் ஒரே கூட்டில் விட்டால் இணை சேர்கிறதா, அந்தக் குஞ்சுக்கும் குஞ்சு பிறக்கிறதா என்று பார்த்தார்கள். மரபணு, வாசனை, உடம்பின் அளவு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 2015இல், இரண்டும் ஒரே ஈதான், பழைய பெயரே நிற்க வேண்டும் என்று அறிவித்தார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இன்றைக்குப் பெரும்பாலும் அந்தப் பெயர்தான் பாவனையில் இருக்கிறது.

"ஈக்கு என்ன பேர் இருந்தா நமக்கென்ன ஐயா?" என்று நீங்க கேட்கலாம். பெயர் சரியாகத் தெரிந்தால்தான் மருந்து சரியாகத் தெரியும். துளசியில் இருக்கும் மீதைல் இயூஜினோல் என்ற வாசனைக்கு இந்த ஈயின் ஆண் ஓடி வரும். அதைப் பொறியில் வைத்துப் பிடிக்கலாம். ஆனால் உங்கள் பாகற்காயையும் பூசணிக்காயையும் குத்துவது வேறு ஈ. அது இந்த வாசனைக்கு வராது. அதற்கு வேறு வாசனை வேண்டும். ஆள் தெரியாமல் பொறி வைத்தால் காசுதான் வீண். வெளிநாட்டுக்குப் பழம் விற்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். புதிய ஈ இருக்கிற நாடு என்று பெயர் வந்தால், வாங்குகிற நாடு கதவைச் சாத்திவிடும்.

ஒரு பெயர் மாறினால் என்ன ஆகும் என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொரு பெயர். முப்பது வருஷம் கொழுந்து பறித்த ஓர் அம்மா, இரண்டு பெயரும் தன்னுடையதுதான் என்று காட்டுவதற்காகச் சேமலாப நிதிப் பணத்துக்கு இரண்டு வருஷம் அலைந்தார். அதில் ஒரு படிவத்தில் பெயரைப் பிழையாக எழுதியது நாங்கள்தான். அவர் சொன்னதைத் திருப்பிக் கேட்காமல், காதில் விழுந்தபடி எழுதிவிட்டோம். இதை இங்கே சொல்ல எங்களுக்கு வெட்கம்தான். ஆனாலும் எழுதினவனே பிழையை ஒப்புக்கொண்டு, எல்லாக் கடதாசியையும் ஒன்றாக அடுக்கிக் காட்டிய பிறகுதான் அவருடைய காரியம் நடந்தது. படித்தவர்கள் ஓர் ஈயின் பெயரையே பத்து வருஷம் கழித்துத் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் பெயரைத் திருத்த யாரும் கூச்சப்பட வேண்டாம்.

இனி மரத்துக்கு வருவோம்.

விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள். வாய்க்காலில் எறிந்தாலும், பீலிக்குப் பக்கத்தில் குவித்தாலும் புழு சாகாது. 2 அடிக்குக் குறையாமல் குழி வெட்டிப் புதையுங்கள். அல்லது கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, சில நாள் நல்ல வெயிலில் வையுங்கள். காய் பச்சையாக, கல் மாதிரி இருக்கும்போதே பழைய பேப்பரில் பை செய்து கட்டிவிடுங்கள். மலைக்கு அடிக்கிற மருந்தைக் கொண்டுவந்து பழத்துக்கு அடிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் புழுவுக்கு அது போய்ச் சேராது. தின்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. ஒரு வீடு செய்து பக்கத்து வீடு செய்யாவிட்டால் ஈ திரும்பி வரும். அதனால் முழு லயமும் சேர்ந்து செய்ய வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைக்காம்பராக் கொய்யா மரத்தடியில் கூடுவோம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். குழி வெட்டி முடிந்ததும் நாங்கள் அங்கேயே மேசை போட்டு உட்காருவோம். கடதாசிகளில் பெயர் வித்தியாசம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். இந்த முறை இரண்டு தரம் கேட்டுத்தான் எழுதுவோம்.